தீவில் அலை ஒரு மீட்டர்

என்னை யாருக்காவது அறிமுகம் செய்து வைத்தால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்ப நாளைக்கு மழை வருமா?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். முப்பத்து மூன்று வருடம் வானிலை நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். நாளைக்கு மழை வருமா என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அதைச் சொல்வது தலைமையகத்தின் வேலை. இன்றைக்கு, இந்த மணிக்கு, கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுவது மட்டுமே என் வேலை. இதைச் சொன்னால், "தெரியும், சொல்ல மாட்டேங்கறீங்க" என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் என் பழைய நிலையத்திலிருந்து லோகேஸ்வரி கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது அங்கே அவள்தான் பொறுப்பதிகாரி. பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம்.

"கையெழுத்து ஒண்ணும் புரியல மேடம். கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ரெண்டு நாள் வந்து படிச்சுக் குடுங்களேன். அப்படியே உங்க சர்வீஸ் அனுபவத்தையும் எழுதிக் குடுங்க, எங்க ஆண்டு மலர்ல போட்டுர்லாம்," என்றாள்.

கோழி கிண்டியதில் பாதி என்னுடைய கையெழுத்துதான் என்று நான் சொல்லவில்லை. குளுவாங்கிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். முதல் நாள் பிற்பகலிலேயே ஒரு பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்திராவிட்டால் ஆண்டு மலருக்கு வேறு மாதிரி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அதில் கருவிகளும் விருதுகளும் நிறைய இருந்திருக்கும்.

நான் பிறந்தது பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டுபவர், அதாவது மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பவர். மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. விடியுமுன் அப்பா எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கையை நீட்டிப் பார்ப்பார். அம்மா உலை வைக்கலாமா என்று அவர் கையைப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் வானிலை என்பது சாப்பாட்டு விஷயம். ஐந்தாம் படிவம் முடித்து அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன். ஆசிரியர், தாதி, குமாஸ்தா என்று எத்தனையோ இருக்க, வந்தது வானிலை உதவியாளர் வேலை. கோலாலம்பூர் பக்கம் ஆறு மாதப் பயிற்சி. மேகங்களின் பெயரைக் கற்றுக்கொண்டேன், பாதரசத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பிறகு ஜொகூரின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய துறைமுகத்துக்கு மாற்றி அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்த ஊர் பொறுப்பில்லை.

மேற்குக் கரையில் இருப்பவர்களிடம் குளிர்காலம் என்றால் சிரிப்பார்கள். கிழக்குக் கரையில் அது உண்டு. நவம்பரில் வாடைக்காற்று திரும்பும். மலாய்க்காரர்கள் தெங்குஜூ என்பார்கள். வடகிழக்கிலிருந்து காற்று நாலைந்து நாள் விடாமல் அடிக்கும். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். காலையில் வெப்பமானி இருபத்திரண்டு காட்டும், நாங்கள் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வோம். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, கடற்கரைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். மீன்பிடிப் படகுகளை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் காற்று மூச்சு வாங்கிக்கொள்வதுபோல் நிற்கும். கடல் இறங்கும். அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியில்தான் தீவுகளுக்கு அரிசியும் மருந்தும் போகும், ஆட்கள் வந்து போவார்கள். அடுத்த வீச்சு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிப்ரவரி முடியும் வரை இப்படியே.

அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரி பொன்னுத்துரை சார். சிலோன்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ். வாடை மழையில்கூட அந்தச் சாக்ஸில் ஒரு சொட்டுச் சேறு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

அவருடைய சட்டங்கள் சில. பதிவேட்டில் பேனாவால் மட்டும்தான் எழுத வேண்டும். "பென்சில் பொய்க்கு வசதி" என்பார். மழை இல்லாவிட்டாலும் மழைமானியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போட வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே இருக்கிற பழைய எண் தெரியும்படி விட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். கடைசிக் கட்டத்தில் திருத்தியதற்குக் காரணம் எழுத வேண்டும். திருத்துகிற உரிமை எழுதின கைக்கு மட்டும்தான் உண்டு. தலைமை இயக்குநரே வந்தாலும் இன்னொருவர் எழுதின எண்ணைத் தொட முடியாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் நல்ல மழை. மழைமானி வெளியே புல்வெளியில் இருந்தது. நனைய மனம் வராமல் சன்னலிலிருந்தே பார்த்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும் என்று எழுதிவிட்டேன். சார் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை பெய்திருக்கு. உம்மட செருப்பு காய்ஞ்சு கிடக்குது, பிள்ளை."

போய் அளந்தேன். பத்தொன்பது இருந்தது. கோடு இழுத்துத் திருத்தினேன். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். அரசாங்கப் பதிவு, மலாயில் எழுத வேண்டும். "உண்மையை எழுதும்," என்றார். "மாலாஸ்" என்று எழுதினேன். சோம்பல். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, லோகேஸ்வரி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனி தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்தில் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு மருந்தகம். அதில் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் வாயில் அந்த வேலைக்கு டிரெஸ்ஸர் என்று பெயர். பெயர் தனபாலன். பண்டார் தெங்காரா என்ற ஊரில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக் குடும்பம், மூத்த மகன். தீவில் தொலைபேசி கிடையாது, மருந்தகத்தில் மட்டும் கரையோடு பேச ஒரு வானொலிச் செட் இருந்தது. அதனால் கடல் நிலவரம் சொல்கிற வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். மருந்தகத்துப் படகுத்துறையின் கடைசித் தூணில் அரை மீட்டருக்கு ஒரு பட்டை என்று சிவப்பும் வெள்ளையுமாக அவரே சாயம் அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து அலை உயரத்தைக் கணக்கிடுவார். காலை ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன், அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

எண்களைக் கேட்டவர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நாட் கணக்கில் காற்றின் வேகம், திசை, அலை, மழை, பார்வைத் தூரம், ஒவ்வொன்றாக. சொன்னவர் கேட்டுவிட்டு "சரி" என்ற பிறகுதான் செய்தி முடிந்ததாக அர்த்தம். "சரி" வராத செய்தி செய்தியே இல்லை என்பார் பொன்னுத்துரை சார். நான் எழுதின எண்ணைத் துறைமுகத்தில் பாக் மாட் என்பவருக்குத் தொலைபேசியில் சொல்வேன். தீவில் அலை இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் பாக் மாட் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார், பயணப் படகு போகாது. எங்கள் பக்கத்து ஆற்று முகத்தை ஒரு மேடு மறைத்திருந்தது, அங்கே கடல் எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். ஆகவே தீவின் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

முதல் வாடைக்காலம் முழுக்க எங்களுக்குள் எண்கள் மட்டும்தான். இரண்டாவதில் ஒரு நாள், "சரி" என்றவர் செட்டை அணைக்காமல், "மிஸ், சாப்டாச்சா?" என்றார். ஏழு மணிக்கு என்ன சாப்பாடு! "இன்னும் இல்ல. நீங்க?" என்றேன். "நாலு நாளா மீன். இன்னிக்கும் மீன். உங்க பக்கம் தோசை வாசனை அடிக்குதான்னு கேட்டேன்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பம். எண்களுக்குப் பிறகு ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். அவருடைய அம்மா அவரைக் கரையில் வேலை வாங்கச் சொல்லி நச்சரிப்பது, தீவில் ஒரு பிரசவம், நான் தைத்துக்கொண்ட ரவிக்கை கை பிடிக்கவில்லை என்பது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஆறே முக்காலுக்கே என் கை செட்டுக்குப் போய்விடும். ஒரு நாள் பொன்னுத்துரை சார் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அலைவரிசை அரசாங்கத்தின்ர சொத்து, பிள்ளை. உம்மட பசியை அதிலை கதைக்கத் தேவையில்லை."

மறுநாள் நான் எண்களோடு நிறுத்திக்கொண்டேன். தனபாலன் செட்டை அணைக்கவில்லை. பிறகு, "மழை பூஜ்யம், தோசை பூஜ்யம்" என்றார். சிரிப்பை அடக்கி நான் அதையும் திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார்.

அவரை நேரில் பார்த்தது மொத்தம் நாலே முறை. மருந்துப் பெட்டி எடுக்கக் கரைக்கு வரும்போது நிலையத்துக்கு வந்து பதிவேட்டுத் தாள் வாங்கிக்கொண்டு போவார். கறுப்பு, ஒல்லி, இடது காதோரம் ஒரு தழும்பு. நேரில் இருவருக்கும் பேச்சு வராது. முகம் இப்போது எனக்குக் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. குரல் அப்படி இல்லை. வாடைக்காற்று இரைச்சலுக்கு நடுவே "சரி" என்று அவர் சொல்வதை இந்த நிமிடம்கூட என்னால் கேட்க முடியும். எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மூன்றாவது வாடைக்காலம். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காற்று நின்ற ஒரு நாளில், மீன் பிடிக்கப் போன ஒரு சின்னப் படகு திரும்பவில்லை. கடலை நம்பிப் போயிருந்தார்கள், நடுவில் வீச்சு வந்துவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு பேரின் உடலைக் கொண்டுவந்து துறையில் நீலத் தார்ப்பாயால் மூடிக் கிடத்தினார்கள். காற்றுமானி சரிபார்க்கப் போன நான் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அன்றிலிருந்து அமைதியான கடலைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பொங்கலுக்கு முந்தின நாள். பொன்னுத்துரை சார் விடுப்பில் கிள்ளான் போயிருந்தார், நிலையத்தில் நான்தான் மூத்தவள். காலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. தனபாலனின் தம்பி.

"அக்கா, அண்ணனுக்கு எப்படியாச்சும் சொல்லிருங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் ஒரு நாள் ரெண்டு நாள்தான்னு சொல்லிட்டாரு. அண்ணன் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

ஏழு மணிக்குத் தீவைக் கூப்பிட்டேன். எண்களைக் கேட்பதற்கு முன்னால் செய்தியைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்று இரைச்சல்கூட இல்லை. அவ்வளவு அமைதியான காலை.

"கடல் நல்லா இருக்கு மிஸ்," என்றார் கடைசியில். "நான் இப்பத்தான் தூணப் பாத்துட்டு வந்தேன். காற்று வடகிழக்கு, எட்டு நாட். அலை ஒரு மீட்டர். ஒரு மீட்டர்கூட இல்ல, நான்தான் கூட்டிச் சொல்றேன். பாக் மாட்கிட்ட சொல்லிப் படகு அனுப்பச் சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள கரைக்கு வந்துருவேன்."

மேசையில் தலைமையகத்திலிருந்து வந்த தாள் கிடந்தது. புதிய வீச்சு ஒன்று கீழே இறங்குகிறது, இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டலாம் என்றது. எட்டலாம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. நாலு மணி நேரத்தில் எதுவும் வராது என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் என் கண்ணில் அந்தப் பாதம்தான் நின்றது.

நான் திருப்பிச் சொல்லவில்லை. "அலை ஒரு மீட்டர்" என்று என் வாயால் சொல்லிவிட்டால் பிறகு வேறு எண்ணை எழுத முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கெடச்சிருச்சு" என்று மட்டும் சொல்லிச் செட்டை அணைத்தேன். பேனாவை எடுத்து அலைக் கட்டத்தில் 2.5 என்று எழுதினேன். கை நடுங்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பாக் மாட்டைக் கூப்பிட்டேன்.

"போலே ஜாலான் கா, சிக்?" என்றார். போகலாமா, மிஸ்?

"தாக் போலே," என்றேன், போகக் கூடாது. "இரண்டரை."

"இரண்டரையா? இங்க கடல் தூங்குதே," என்று மலாயில் முனகினார். ஆனாலும் கொடியை ஏற்றிவிட்டார். தீவின் எண் தீவின் எண்தான்.

அன்று பகல் முழுவதும் வெயில் அடித்தது. ஊரே பாயையும் தலையணையையும் வெளியே காய வைத்தது. நான் மணிக்கொரு தரம் மொட்டை மாடிக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். சும்மா கிடந்தது. பத்து மணிக்கு எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கலாம். பதினொன்றுக்குச் சொல்லியிருக்கலாம். "அவர் உயிரோடு இருக்கிறார் அல்லவா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். மத்தியான வானொலிச் செய்தியில், தீவுப் பகுதியில் அலை உயரம் இரண்டரை மீட்டர் என்று வாசித்தார்கள். தீவிலும் அதைக் கேட்டிருப்பார்கள். அவர் தூணிலிருந்து எடுத்துக் கொடுத்த எண் ஒன்று, வானொலியில் அவருக்கே திரும்பி வந்தது இன்னொன்று.

வீச்சு மறுநாள் விடிகாலை வந்தது. மூன்று மீட்டர், மூன்றரை மீட்டர். ஐந்து நாள் ஓயவில்லை. பொங்கலன்று மாலை அவருடைய அம்மா போய்விட்டார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் செட்டில் சொன்னேன். மூத்த மகன் இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். முந்தின நாள் படகு போயிருந்தால் அவர் வந்திருப்பார். ஒரு பகலும் ஓர் இரவும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு எண்கள் மட்டும். நான் திருப்பிச் சொல்வேன், அவர் "சரி" என்பார், செட் அணைந்துவிடும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட மாட்டாரா என்று ஏங்கினேன். திட்டினால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

இன்னொரு பயமும் இருந்தது. தீவுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. மாத முடிவில் அது எண்ணெய்த் துணிப் பையில் படகில் வரும். பொன்னுத்துரை சார் அதையும் என் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். அதில் ஒன்று, இதில் இரண்டரை. வேலை போகும், அது போகட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அந்த நாள் வந்தது. அவர் விரல் கீழே இறங்கியது, பொங்கலுக்கு முந்தின வரியில் நின்றது, கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பிறகு சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரும்பு மனிதருக்கும் என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, அவர் இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு முறுக்கு அனுப்பினேன்.

மார்ச்சில் தனபாலனுக்கு மாற்றல் வந்தது. செட்டின் சாவியை ஒப்படைக்க நிலையத்துக்கு வந்தார். அதுதான் நாலாவது முறை. தலைமயிர் மொட்டையிலிருந்து பாதி வளர்ந்திருந்தது. சாவியை மேசையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"ஏதாச்சும் சொல்லணுமா மிஸ்?" என்றார்.

"இல்லங்க," என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வாழ்க்கை எல்லாருக்கும் போல எனக்கும் நடந்தது. மாற்றலில் செனாய், குளுவாங், மறுபடி கிழக்குக் கரை. கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். இந்தக் கதையில் பாதி அவருக்குத் தெரியும், மீதியை இதைப் படித்துத் தெரிந்துகொள்வார். கடலில் மிதவைக் கருவிகளைப் போட்டார்கள். அவை அலையைத் தாமே அளந்து தாமே அனுப்புகின்றன. கூட வேலை பார்த்தவர்கள் அதற்காக வருத்தப்பட்டார்கள், நான் படவில்லை. மிதவைக்கு யார் மேலும் பிரியம் கிடையாது. வாடைக்காலத்தில் இன்றும் ஏழு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கைப்பேசியில் அந்தத் தீவின் அலை உயரத்தைப் பார்க்கிறேன். எண் வருகிறது, திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. மூன்று வருடம் முன்னால் நாளிதழின் இரங்கல் பக்கத்தில் அவருடைய படம் வந்திருந்தது. பெக்கான் நானாஸில் குடியிருந்திருக்கிறார். நரைத்த முடி, காதோரம் அதே தழும்பு. பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நடுவில் கடலும் இல்லை. இத்தனை வருடமும் அங்கே இருந்திருக்கிறார்.

போன மாதத்துக்கு வருகிறேன். லோகேஸ்வரி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க அவள் தட்டிக்கொண்டு வந்தாள். நிலையத்தின் பதிவேடுகள் முடிந்து தீவினுடையதை எடுத்தாள். எண்ணெய்த் துணி வாசனை இன்னும் போகவில்லை.

"இது யார் எழுதுனது மேடம்? அழகா எழுதியிருக்காங்க," என்றாள். "பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்ல." தாளைப் புரட்டிக்கொண்டே போனவள் நின்றாள். "ஓ, ஒண்ணு இருக்கு. இதுல எத ஏத்துறது?"

பொங்கலுக்கு முந்தின நாள். காலை ஏழு மணி. அலைக் கட்டத்தில் 1.0. அதன் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும்படி. மேலே 2.5. பக்கத்தில் சுருக்கொப்பம். காரணக் கட்டத்தில் அந்த அழகான கையெழுத்தில் இரண்டு மலாய் வார்த்தைகள்: "சிலாப் சாயா."

என் தவறு.

பொன்னுத்துரை சாருக்கு என் மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. அவர் பார்த்தபோது இரண்டு பதிவேடும் ஒத்துப் போயிருந்தன. விதிப்படி திருத்தம், சுருக்கொப்பம், காரணம், எல்லாம் இருந்தன. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டுத் தீவில் தனியாக உட்கார்ந்து, கொள்ளி வைக்க விடாமல் செய்தவளின் வேலை போய்விடக் கூடாது என்று அவர் அந்தக் கோட்டை இழுத்திருக்கிறார். தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையாலேயே தப்பு என்று எழுதியிருக்கிறார். மார்ச் மாதம் என் மேசைக்கு முன்னால் நின்று, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது சண்டைக்கு இல்லை. எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

"மேடம்? ஒடம்புக்கு ஏதும் முடியலையா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஒண்ணுமில்ல. அந்த மாசத்து நிலையப் பதிவேட்டக் கொஞ்சம் எடு. என்னோடது."

எடுத்துக் கொடுத்தாள். அதே நாள், அதே ஏழு மணி. என் கையெழுத்தில், நடுங்காத கையெழுத்தில், 2.5. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். லோகேஸ்வரி பதறிவிட்டாள்.

"மேடம், பழைய ரெக்கார்ட் அது! எழுதக் கூடாது!"

"எழுதின கைக்கு உரிமை இருக்கும்மா. சட்டம் மாறிருச்சா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாறல," என்றாள்.

ஒரு கோடு இழுத்தேன். இந்தத் தடவை கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. மேலே 1.0 என்று எழுதினேன். சுருக்கொப்பம் இட்டு, திருத்திய நாளின் தேதி போட்டேன். காரணக் கட்டத்தில் எழுத எனக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை. அவருடையதைப் பார்த்தே எழுதினேன். அவர் பதிவேட்டை நான் தொடவில்லை, தொடும் உரிமை எனக்கு இல்லை. என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கணினியில் எதை ஏற்றுவது என்று லோகேஸ்வரியே முடிவு செய்துகொள்ளட்டும்.

அவள் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி. விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் திருப்பிச் சொன்னேன். "காற்று வடகிழக்கு, எட்டு நாட். தீவில் அலை ஒரு மீட்டர்."

"சரி, மேடம்," என்றாள் லோகேஸ்வரி.